ரயிலை விழுங்கும் கப்பல்

நவம்பர் 30, 2001

இன்று முழங்கால் அரசாங்கத்துக்கு எதிராகக் கலகம் செய்தது. அரசாங்கம் என்றால் நான்தான். பிளாசிதோ, மெஸ்ஸினா ஜலசந்தியின் ஓய்வுபெற்ற பேரரசன், முப்பத்தொரு வருடம் இந்தத் தீவின் ரயில்களைக் கப்பலில் ஏற்றி எதிர்க்கரையில் இறக்கியவன். (பெட்டிகளைச் சங்கிலியால் கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் என் வேலை என்பது தங்கை லெத்தேரியாவுக்குத் தெரியும். இந்த நோட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை.)

கிறிஸ்துமஸ் குடில் வைக்க இன்னும் எட்டு நாள். குடிலில் பரப்பப் பாசி பறிக்க மலைக்குப் போகும் நிலையில் கால் இல்லை. நல்லவேளை, இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்றே நண்பன் காரில் போய் ஒரு சாக்கு நிறையப் பறித்து வந்துவிட்டேன். நிலவறையில் கிடக்கிறது. இன்று எட்டிப் பார்த்தேன். ஈரமாக, பச்சையாகத்தான் இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு. தட்டிவிட்டால் போயிற்று.

டிசம்பர் 8

வரலாற்றில் பொறிக்க வேண்டிய நாள். தங்கை வீட்டில் குடில் எழுந்தது. உலகத்தில் இதற்கு நிகரான பெத்லகேம் கிடையாது. உண்மையான பெத்லகேம் உட்பட.

லெத்தேரியா வீட்டுக்குள் ஈ கூடக் காலைத் துடைத்துவிட்டுத்தான் வரும். வாசலிலேயே என் செருப்பைக் கழற்ற வைத்தாள். சாக்கை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை இயேசுவின் மலைக்கு வரும் பாசி அவள் கண்ணுக்கு அழுக்கில்லை. இந்த ஊரில் யார் கண்ணுக்கும் இல்லை.

நுன்ஸியா என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். லெத்தேரியாவின் மகள், என் மருமகள், ஆறு வயது, படைத்தளபதி. கழுத்தில் இரண்டு தழும்பு, தொடையில் ஒன்று. போன வருடமும் இந்த வருடமும் கட்டி வந்து கீறிய இடங்கள். அவை வீரப் பதக்கங்கள் என்று நான் அரசாணை வெளியிட்டிருக்கிறேன்.

"இது எங்கேர்ந்து மாமா?"

"வடக்க ஒரு செங்குத்துப் பாறை. அதுல ஆடுகூட ஏறினதில்ல. ஏறின ஒரே ஆடும் தலை சுத்திக் கடல்ல விழுந்துச்சு. நீந்தி எதிர்க்கரைக்குப் போயி, அங்கயே கல்யாணம் பண்ணிக்கிட்டு செட்டில் ஆயிருச்சு."

"இன்னைக்கா பறிச்ச?"

"சூரியனுக்கு முன்னாடி."

"உன் முழங்காலோடயா?" என்றாள் லெத்தேரியா சமையலறையிலிருந்து.

"அதை வீட்டுலயே விட்டுட்டுப் போனேன்."

அவள் சிரித்தாள். என் தங்கையைச் சிரிக்க வைப்பதற்காக நான் இமயத்தையே இரண்டடி உயர்த்துவேன்.

எங்கள் குடிலில் மூன்று அரசர்களும் கப்பலில்தான் வருவார்கள். நானே தகரத்தில் செய்த கப்பல், முன்பக்கம் வாய் திறக்கும், ஒட்டகம் வயிற்றுக்குள் நிற்கும். நுன்ஸியா மலை முழுவதும் தன் கையாலேயே பாசி பரப்பினாள். "மோந்து பாரு, காடு முழுக்க இதுக்குள்ள இருக்கு" என்றேன். மூக்கைப் புதைத்து நன்றாக இழுத்தாள். தினமும் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு அவளுக்கு. தெளிப்பான் பாட்டிலை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிகிறாள்.

டிசம்பர் 9

அரஞ்சினி, பொரித்த சோற்றுருண்டை, ஐந்து தின்றேன். ஆறு என்று லெத்தேரியா சாதிக்கிறாள்.

டிசம்பர் 16

நுன்ஸியாவுக்கு இருமல். தளபதிகளுக்கும் வரும்.

டிசம்பர் 18

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நூற்று மூன்று காய்ச்சல். இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை.

ஸ்பாதாரோ என்று ஒரு பெண் டாக்டர், நாற்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். லெத்தேரியாவிடம் கேள்வி மேல் கேள்வி.

"வீட்டுல புறா, கோழி ஏதாவது? மக்கின இலை, பழைய வைக்கோல், பூஞ்சை புடிச்சது?"

"எங்க வீட்டுலயா டாக்டர்? நான் தரையை ரெண்டு வேளை துடைக்கிறவ."

"குடில் வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கோம். பாசி அன்னைக்குக் காலையில பறிச்சது. எங்கண்ணன் மலை உச்சிக்கே போய்க் கொண்டுவந்தான்." என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

டாக்டரும் பார்த்தார்.

நான் என் தொப்பியைப் பார்த்தேன்.

டிசம்பர் 19

சொல்லவில்லை.

வெறும் பாசிதானே. எத்தனை வருடம் பரப்பியிருக்கிறோம். ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது, எந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது? — இப்படியே நாள் முழுக்க எனக்கு நானே வக்கீல். வாதம் நன்றாகத்தான் இருந்தது. நீதிபதிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 20

காலையில் தங்கை வீட்டுக்குத் துணி எடுக்கப் போனேன். கூடத்தில் குடில். யாரும் தண்ணீர் தெளிக்காமல் பாசி காயத் தொடங்கியிருந்தது. மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் விரலால் தொட்டேன். புகை மாதிரி ஒரு தூள் எழும்பியது. சாம்பல் பச்சை. சன்னல் வெளிச்சத்தில் அப்படியே மிதந்தது.

அவள் மூக்கைப் புதைத்த இடம்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. முழங்காலும் ஒன்றும் பேசவில்லை. ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் டாக்டரும் லெத்தேரியாவும் மச்சான் கார்மேலோவும் நின்றிருந்தார்கள்.

"டாக்டர், அது அன்னைக்குப் பறிச்சதில்ல. அஞ்சு வாரம் சாக்குல கட்டி நிலவறையில கெடந்தது. வெள்ளையா பஞ்சு பூத்திருந்தது. நான் தட்டிவிட்டுட்டேன். இப்ப தொட்டா புகையா பறக்குது."

கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "பிள்ளை அதைக் கையால தொட்டாளா?"

"தொட்டா. மோந்தா. நான்தான் மோந்து பாருன்னேன்."

லெத்தேரியா என் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாக, "ஒரு தடவை" என்றாள். "ஒரே ஒரு தடவை உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? ரெண்டு நாளாச்சு. அவங்க கேட்டப்ப நீ அங்கதானே நின்ன."

கார்மேலோ அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை. மீன் கடைக்காரன், வாய் ஓயாதவன்.

டாக்டர்தான் பேசினார். "பூஞ்சைக்கு மருந்தை இப்பவே ஆரம்பிச்சிருவோம். ஆனா ஒரு கேள்வி இருக்கு. இந்தப் பாசியைத் தொட்ட நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. இவ ஏன் விழுந்தா? ஏற்கெனவே கழுத்துல கட்டி, தொடையில கட்டி. அவ ரத்தத்தைப் பாக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஒப்பிட்டுப் பாக்க ஆரோக்கியமான ரத்தம் ஒண்ணும் வேணும். குடுக்கிறீங்களா ஐயா?"

ஊசி என்றால் நான் மயங்கி விழுபவன். கையை நீட்டினேன். விழவில்லை. விழுவதற்குக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

டிசம்பர் 22

நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார் டாக்டர். இரண்டு கண்ணாடிச் சில்லு. என் ரத்தம், நுன்ஸியா ரத்தம், இரண்டிலும் ஒரே மஞ்சள் சாயம்.

"நம்ம ரத்தத்துல சில வெள்ளையணுக்கள் இருக்கு. வெளியேர்ந்து வர்ற கிருமி, பூஞ்சைத்தூள் எதையும் சுத்தி வளைச்சு, கை மாதிரி நீட்டி, உள்ள இழுத்து விழுங்கிரும். விழுங்கினதை ஒரு பைக்குள்ள போட்டு, அதுக்குள்ள விஷம் சுரந்து கொல்லும். கிட்டத்தட்ட உங்க தங்கச்சி தரை துடைக்கிற மருந்து மாதிரி. அந்த விஷம் சுரந்தா சாயம் நீலமாயிரும். முதல்ல உங்களுது."

பார்த்தேன். கருநீலம். ஒவ்வொன்றும் மை தொட்டு வைத்த பொட்டு போல.

"இது நுன்ஸியாவோடது."

மஞ்சள். தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு நீலப் பொட்டு இல்லை. விழுங்குகின்றன, வயிறு நிறைய விழுங்கி வைத்திருக்கின்றன. கொல்லத் தெரியவில்லை.

"பிறவியிலேயே. அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் ஆளுக்கொரு பிழை வந்து சேர்ந்திருக்கு. அவங்க ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருக்காது."

லெத்தேரியா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "எங்கிட்டேர்ந்தா" என்றாள். யாரிடமும் இல்லை.

அவள் மனதைத் திருப்ப நினைத்தாரோ என்னவோ, டாக்டர் சொன்னார்: இப்படி அணுக்கள் விழுங்கும் என்று முதலில் யோசனை உதித்ததே இந்த ஊரில்தானாம். நூறு வருடத்துக்கு மேலாகிறது. கடற்கரையோரம் ஒரு வீட்டில் தங்கியிருந்த ரஷ்யர் ஒருவர், கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தாராம். மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டம் கூட்டமாக மொய்த்திருந்ததாம். அதுவும் ஒரு கிறிஸ்துமஸ் சமயம்.

அந்த மீனைப் பிடித்துக் கொடுத்ததே எங்கள் கொள்ளுத்தாத்தாதான் என்று வாய் வரை வந்தது. லெத்தேரியா இருந்தாள். மூடிக்கொண்டேன்.

என் அணுக்கள் மட்டும் எதற்கு இத்தனை நீலமாக இருக்க வேண்டும். இந்தக் கிழட்டு உடம்பில் எதைக் காக்கப்போகின்றன? வெறும் ஆடம்பரம். எடுத்துக்குங்க டாக்டர், அத்தனையும் எடுத்துக்குங்க — சொன்னேன். "அப்படி எடுக்க முடியாது ஐயா" என்றார், அன்பாகத்தான்.

டிசம்பர் 24

முகமூடி, கையுறை, அங்கி எல்லாம் போட்டு உள்ளே விட்டார்கள். பதினைந்து நிமிடம். நுன்ஸியா ஒரு தலையணை அளவுதான் இருக்கிறாள். மூச்சுக்கு நடுவே பேசுகிறாள்.

"எனக்கு என்ன மாமா? அம்மா சொல்ல மாட்டேங்குறா."

பொய் ஒரு டஜன் தயாராக வந்து வரிசையில் நின்றன, நல்ல உடை உடுத்தி. அனுப்பிவிட்டேன்.

"நம்ம கப்பல் எப்படி? வாயைத் தெறந்து ரயிலை முழுங்குதுல்ல?"

"ம்."

"எதிர்க்கரையில என்ன ஆகுது?"

"ரயில் வெளிய வந்து போயிருது."

"முழுசா?"

"முழுசா. ஜனங்க காப்பிகூட குடிச்சுக்கிட்டு."

"அதேதான். உன் ரத்தத்துல குட்டிக் குட்டிக் கப்பல் லட்சக்கணக்கா இருக்கு. எதிரி வந்தா முழுங்கிருது. நல்லா முழுங்குது. ஆனா உள்ள இருக்கிறவன் சாகல. காப்பி குடிச்சிட்டு எறங்கிர்றான்."

யோசித்தாள். "மத்தவங்களோடது?"

"மத்தவங்க கப்பல் வயித்துக்குள்ளயே ஆளை முடிச்சிரும்."

"அப்போ என் கப்பலெல்லாம் நல்லதுங்க" என்றாள். "யாரையும் கொல்லல."

முகமூடி இருந்ததில் ஒரு வசதி. பாதி முகம் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வெளியே லெத்தேரியா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்ன?"

"உள்ளதை."

தலையசைத்தாள். நான்கு நாளில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

ஜனவரி 6, 2002

காய்ச்சல் இறங்கியது. மூன்று நாளாக ஏறவில்லை. படத்தில் திட்டுகள் சுருங்கியிருக்கின்றன. நிலவறைச் சாக்கு கொடுத்த துப்பு உதவியது என்கிறார் டாக்டர். துப்பு கொடுத்தவனே திருடன் என்பதை அவர் சொல்லவில்லை.

மருந்து உயிரைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். கப்பல்களையே மாற்ற வேண்டும். இன்னொருவருடைய எலும்பு மஜ்ஜை. வடக்கே பெரிய ஆஸ்பத்திரியில் செய்வார்கள். பொருத்தமான ஆள் கிடைக்க வேண்டும். அதற்குள் இன்னொரு பூஞ்சை வந்துவிடக் கூடாது.

பிப்ரவரி 2

வீட்டுக்கு வந்துவிட்டாள். செடித்தொட்டி இல்லை, வைக்கோல் இல்லை, மண் இல்லை. பக்கத்து வீட்டில் சுவர் இடித்தால் சன்னல் திறக்கக் கூடாது. குடிலை மச்சான் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பை பையாக வெளியேற்றியிருந்தான். தகரக் கப்பலை மட்டும் லெத்தேரியா மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். ஏன் எறியவில்லை என்று நான் கேட்கவில்லை.

என் நிலவறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மூன்று முறை.

இப்போதெல்லாம் தங்கையிடம் நான் பேசுவது வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது. "பஸ் ஏழு நிமிஷம் லேட்டு." "ஆரஞ்சு நாலு வாங்கினேன்." அவளும் "சரி" என்பாள். நாலு ஆரஞ்சு. முன்பென்றால் அந்த நாலையும் கொடுங்கோலன் ஒருவனின் தோட்டத்திலிருந்து வாள் சண்டை போட்டு மீட்டிருப்பேன்.

மார்ச் 11

எங்கள் எல்லார் ரத்தமும் பார்த்தாகிவிட்டது. குடும்பத்தில் யாரும் சரியாகப் பொருந்தவில்லை. எனக்கு வயதும் தடையாம், அறுபத்து மூன்று. என் படைக்கு ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இனி முன்பின் தெரியாத யாரையோ தேட வேண்டும்.

ஏப்ரல் 19

மறுபடி கட்டி. ஈரலில். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. எழுதப் பிடிக்கவில்லை.

மே 14

மஜ்ஜை கொடுப்பவர் கிடைத்துவிட்டார். பெயர் சொல்ல மாட்டார்கள். இருபத்தேழு வயது ஆண், வேறு தேசம். ஐயா, நீர் யாரோ, எந்த ஊரோ. இன்று உமக்காக மாதா கோயிலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். இரண்டுதான். உள்ளபடி எழுதுகிறேன்.

ஜூன் 3

ரயிலில் வடக்கே. நுன்ஸியா முகமூடியோடு சன்னலோரம். துறைமுகத்தில் பெட்டியைப் பிரித்து, பின்னுக்குத் தள்ளி, கப்பலுக்குள் விட்டார்கள். முப்பத்தொரு வருடம் நான் வெளியே நின்று சங்கிலி கட்டினேன். உள்ளே உட்கார்ந்து விழுங்கப்பட்டது இதுவே முதல் தடவை. இருட்டு, எண்ணெய் வாசனை, சங்கிலிச் சத்தம். மற்றவர்கள் மேல்தளத்துக்குக் காற்று வாங்கப் போனார்கள். கூட்டம் ஆகாது என்பதால் நாங்கள் பெட்டியிலேயே.

அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நாம முழுங்கப்பட்டுட்டோமா?"

"ஆமா."

"அந்தப் பக்கம் முழுசா எறங்குவோமா மாமா?"

எதிரே லெத்தேரியா. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. டாக்டர் சொன்னது: பத்தில் எட்டுப் பேர் பிழைக்கிறார்கள்.

"நான் கட்டின சங்கிலி எதுவும் இதுவரைக்கும் அவுந்ததில்ல" என்றேன். அது உண்மை. முப்பத்தொரு வருடத்தில் ஒன்றுகூட.

லெத்தேரியா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சன்னலுக்கு வெளியே கப்பலின் இரும்புச் சுவர் மட்டும்தான் இருந்தது.

ஜூன் 20

இவ்வளவுதானா? ஒரு சின்னப் பை மஜ்ஜை. தக்காளிச் சாறு மாதிரி. சொட்டுச் சொட்டாக இறங்கியது. யாரும் எக்காளம் ஊதவில்லை.

ஜூன் 29

மஜ்ஜைக்கு முன்னால் கொடுத்த மருந்தில் நுன்ஸியாவின் முடி கொட்டிவிட்டது. வாயெல்லாம் புண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள். நான் தொப்பியைக் கழற்றி என் வழுக்கையைக் கண்ணாடியில் ஒட்டினேன். அவள் தன் தலையை அதே இடத்தில் அந்தப் பக்கம் ஒட்டினாள். நர்ஸ் வந்து துடைக்கும்வரை இரண்டு வட்டமும் இருந்தன.

ஜூலை 6

காய்ச்சல். கார்மேலோ ஊரிலிருந்து வந்துவிட்டான். கையில் மீன் வாசனை போகும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே நின்றான். "மச்சான், எதாவது சொல்லு" என்றான். "எதாவது. எப்பவும் சொல்வியே." குழாயை மூடித் துண்டை நீட்டினேன். 

ஜூலை 8

இறங்கிவிட்டது.

ஜூலை 22

நுன்ஸியா ரத்தத்தைப் பார்க்கச் சோதனைச்சாலையில் புது மாதிரி இயந்திரம், தாளில் கோடுகள்தான் வரும் என்றார்கள். எனக்குக் கோடு வேண்டாம், பொட்டைக் காட்டுங்கள் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கிழவனின் தொல்லை தாங்காமல் அங்கிருந்த பெண் பழைய முறையில் ஒரு சில்லு தயார் செய்தாள்.

முதலில் லெத்தேரியாவைப் பார்க்கச் சொன்னேன். அவள் வெகுநேரம் குனிந்தபடி இருந்தாள். தோள் குலுங்கியது. நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

நீலம். அடுத்தது நீலம். அதற்கடுத்தது நீலம். எண்ணினேன். பத்தில் ஒன்பது. நீலமென்றால்—

இங்கே ஒரு உவமை எழுதி அடித்துவிட்டேன். நீலம்தான்.

செப்டம்பர் 30

நுன்ஸியா வீடு திரும்பினாள். அவளுக்குச் செய்தி சொன்னேன்: புதுக் கப்பல்கள் வந்துவிட்டன, இனி யாரும் காப்பி குடித்துவிட்டு இறங்க முடியாது. "பாவம்" என்றாள் எதிரிகளுக்காக. பிறகு எலுமிச்சை கிரானிதா ஐஸ் கேட்டாள்.

டிசம்பர் 8

பாசி இன்னும் ஒரு வருடமாவது வீட்டுக்குள் கூடாது. என்னைக் கேட்டால் நூறு வருடம். குடிலே வேண்டாம் என்று லெத்தேரியா சொல்லிவிட்டாள். நுன்ஸியா எதிர்த்துப் பேசவில்லை. தகரக் கப்பலை எடுத்து வைத்துக்கொண்டு வெறும் மேசையில் தள்ளிக்கொண்டிருந்தாளாம். மச்சான் போனில் சொன்னான்.

நான் என் வீட்டுக் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நடுவில் என் சீட்டு மேசை. பச்சைக் கம்பளித் துணி பதித்தது. இருபத்தாறு வருடமாக வியாழக்கிழமைதோறும் நானும் நண்பர்களும் சாம்ராஜ்யங்களை வென்று தோற்ற போர்க்களம். கத்தரிக்கோல் எடுத்தேன். ஓரத்தில் பசை பிடித்துக்கொண்டது. விடவில்லை. வெந்நீரில் மூன்று முறை துவைத்து, சூடான இஸ்திரி போட்டு, புதுத் தாளில் சுற்றி எடுத்துப் போனேன்.

வாசலில் லெத்தேரியா பொட்டலத்தை மறித்தாள்.

"என்ன இது?"

"துணி. என் சீட்டு மேசையோடது. மூணு தடவை துவைச்சேன்."

பிரித்தாள். முகர்ந்தாள். வெளிச்சத்தில் உதறிப் பார்த்தாள். ஒன்றும் பறக்கவில்லை. "மேசை?"

"வெறும் பலகையா நிக்குது."

மறுபடி மடித்து உள்ளே எடுத்துப் போனாள். அட்டைப் பெட்டிகளை அடுக்கி, நுன்ஸியாவும் நானும் துணியைப் போர்த்தினோம். நல்ல மலைகள். ஒரு பள்ளத்தாக்கில் பதினைந்து வருடத்து ஒயின் கறை. அதை ஏரி என்று அறிவித்தாள். முடி ஒரு விரற்கடை முளைத்திருக்கிறது, முன்பைவிடக் கறுப்பாக. கப்பல் ஏரிக்கரையில் வாய் திறந்து நின்றது.

"இது எங்கேர்ந்து மாமா?"

"சீட்டு மேசையிலேர்ந்து கண்ணு."

"ஓ" என்றாள். துணியைத் தடவினாள். அவ்வளவுதான். அந்த 'ஓ' என் நெஞ்சில் இறங்கி நின்றது.

லெத்தேரியா தட்டில் பிஞ்ஞோலாத்தா இனிப்பு கொண்டுவந்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த மேசைக்கு இந்தத் துணி எங்கேர்ந்துண்ணே வந்தது?"

நான் அவளைப் பார்த்தேன்.

"உள்ளதையா கேக்குற?"

"உள்ளதை ஒரு வருஷமா கேட்டது போதும்" என்றாள். "சொல்லு. எந்த மலை? எத்தனை ஆடு?"

நுன்ஸியா கப்பலை விட்டுவிட்டு என் முழங்கால்மேல் ஏறி உட்கார்ந்தாள். இடது முழங்கால். கலகக்காரன். வலித்தது, நகர்த்தவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஏழு ஆடு" என்றேன். "அதுல ஒண்ணு பச்சை."